பாறை எப்போது உடைகிறது, எப்போது வழிகிறது?

கேள்வி இதுதான்: கருங்கல்லைச் சுத்தியலால் அடித்தால் உடைகிறது, வளைவதே இல்லை. ஆனால் மலைகளில் பாறை அடுக்குகள் எஸ் வடிவில் மடிந்து கிடக்கும் படங்களைப் பார்க்கிறோம். கெட்டியான பாறை உடையாமல் எப்படி மடிந்தது? பல கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் சுருக்கமான பதில். ஒரே பாறை உடையவும் செய்யும், திட நிலையிலேயே மெல்ல வழியவும் செய்யும். எது நடக்கும் என்பதை வெப்பம், சுற்றிலுமிருந்து வரும் அழுத்தம், வடிவ மாற்றம் நடக்கும் வேகம், உள்ளே இருக்கும் கனிமங்கள், கொஞ்சம் தண்ணீர் ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. சுத்தியல் அடி என்பது குளிர்ந்த பாறையில், அழுத்தமே இல்லாத இடத்தில், நொடியில் ஒரு சிறு பங்குக்குள் நடப்பது. அந்த ஒரு சூழ்நிலையை மட்டும் வைத்துப் பாறையின் குணத்தை முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது பாதிக்குத்தான் விரிவான பதில் வேண்டும். இயற்பியலில் தகைவு, திரிபு என்று படித்திருப்பீர்கள். தகைவு என்பது ஒரு பரப்பின் மேல் செயல்படும் விசை, திரிபு என்பது அதனால் ஏற்பட்ட வடிவ மாற்றம். ஒரு மலையின் முன்னால் நிற்கும் புவியியலாளருக்குக் கண்ணில் படுவது திரிபு மட்டும்தான். அந்த விசை என்றைக்கோ போய்விட்டது. திரிபையும் சும்மா அளந்துவிட முடியாது, பாறை முதலில் எந்த வடிவத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியும். அந்த ஆதி வடிவத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் கட்டமைப்புப் புவியியல் என்ற இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது. அது எப்படி நடக்கிறது என்று காட்ட ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதியை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறை அடிப்படைப் பாடங்கள் பலவற்றைக் கற்றுக்கொண்ட இடங்களில் அது ஒன்று.

அங்கே மேற்குக் கரையில் லூயிஸியன் நைஸ் என்ற, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறிப் பட்டை பட்டையாகத் தெரியும் மிகப் பழைய பாறை இருக்கிறது. அதன் பழைய பகுதிகளுக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அதன் மேல் டொரிடோனியன் மணற்பாறை, சுமார் 100 கோடி ஆண்டுகள். அதற்கும் மேல், 50 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னால் ஆழமில்லாத கடலில் படிந்த வெள்ளை குவார்ட்சைட் (கெட்டியாக இறுகிய மணற்பாறை), பிறகு மெல்லிய பழுப்பு அடுக்குகள், பிறகு சுண்ணாம்புப் பாறை. இதுவரை வரிசை ஒழுங்காகவே இருக்கிறது: கீழே பழையது, மேலே புதியது. ஆனால் கிழக்கே போனால் அந்தச் சுண்ணாம்புப் பாறையின் தலைமேல் மொய்ன் சிஸ்ட் என்ற உருமாற்றப் பாறை உட்கார்ந்திருக்கிறது. நொக்கன் கிராக் என்ற இடத்தில் இந்தச் சந்திப்பைக் கையால் தொட்டே பார்க்கலாம். அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை பெரிதாக வெந்து மாறவில்லை, மேலிருக்கும் சிஸ்டோ ஆழத்தில் கிடந்து முழுக்க உருமாறி வந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வுத்துறையின் தலைவராக இருந்த ரோடரிக் மர்ச்சிசன், மேலே இருப்பதால் மொய்ன் பாறைதான் இளையது, எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வரிசை என்றார். அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் நிக்கோல், இது படிந்த வரிசை அல்ல, நடுவில் பிளவு இருக்கிறது, பழைய பாறைதான் இடம்பெயர்ந்து மேலே வந்திருக்கிறது என்றார். மர்ச்சிசனின் செல்வாக்கு பெரிது, அவருடைய கருத்தே பாடமானது. நிக்கோல் 1879இல் இறந்தபோதும் அவர் சொன்னதை ஏற்றவர்கள் சிலர்தான். இது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அடிப்படையில் அவர் பார்த்தது சரி.

1882, 1883 கோடைக் காலங்களில் சார்ல்ஸ் லாப்வொர்த் எரிபோல் கடற்கழிப் பகுதிக்கு வந்தார். நீண்ட காலம் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு பர்மிங்காமில் பேராசிரியரானவர். பெரிய கோட்பாடு எதையும் முன்வைத்து அவர் தொடங்கவில்லை. ஒவ்வொரு மெல்லிய அடுக்கையும் அடையாளம் கண்டு, பெரிய அளவிலான வரைபடத்தில் அடிக்கு அடி குறித்துக்கொண்டு போனார். அப்படிக் குறித்தபோது ஒன்று புலப்பட்டது. குவார்ட்சைட், பழுப்பு அடுக்கு, சுண்ணாம்பு என்ற வரிசை முடிந்ததும், மறுபடியும் குவார்ட்சைட், பழுப்பு அடுக்கு, சுண்ணாம்பு. அப்புறம் மறுபடியும் அதே. கடல் ஒரே மாதிரி வண்டலை அதே வரிசையில், அதே புதைபடிவங்களோடு இத்தனை முறை போட்டிருக்க வழியில்லை. ஒரே அடுக்குக்கட்டு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு ஏறியிருக்கிறது. துண்டுகளுக்கு இடையில் சாய்வான பிளவுகள். எல்லாவற்றுக்கும் மேலே, கிழக்கிலிருந்து தள்ளப்பட்டு வந்த மொய்ன் பாறை.

ஆய்வுத்துறை 1883இல் பென் பீச், ஜான் ஹார்ன் இருவரையும் அதே பகுதிக்கு அனுப்பியது. அப்போதைய தலைவர் ஆர்ச்சிபால்ட் கீக்கி மர்ச்சிசன் பக்கம் நின்றவர். தன் ஆட்கள் கொண்டுவந்த சான்றுகளைக் களத்திலேயே பார்த்துவிட்டு 1884இல் தன் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். இப்படிச் சாய்வு குறைந்த பிளவின் மேல் பழைய பாறை புதிய பாறைமீது ஏறுவதற்கு 'த்ரஸ்ட்' என்ற சொல்லை அவர் அந்தக் கட்டுரையில்தான் பயன்படுத்தினார். பீச்சும் ஹார்னும் சக ஊழியர்களோடு சேர்ந்து முடித்த முழு அறிக்கை 1907இல் வெளிவந்தது. அதில் இருக்கும் வரைபடங்களின் நேர்த்தி இன்றும் களப்பணி மாணவர்களுக்குப் பாடம்.

மொய்ன் த்ரஸ்ட் என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பெயர்ச்சி சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐயாபிட்டஸ் என்ற பழங்கடல் மூடி, அதன் இரு பக்கக் கண்டங்கள் மோதிக்கொண்ட காலத்தில் நடந்தது. பாறை மேற்கு-வடமேற்குத் திசையில் பல பத்து கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது.

இதைக் கேட்ட உடனே எழும் சந்தேகம் ஒன்று அப்போதே எழுந்தது: பாறை உண்மையிலேயே இப்படி அடுக்கடுக்காக ஏறுமா? அந்தக் குழுவில் இருந்த ஹென்றி காடெல் 1880களின் இறுதியில் ஒரு பெட்டி செய்தார். மணல், களிமண், பாரிஸ் சாந்து ஆகியவற்றை அடுக்கி, ஒரு பக்கச் சுவரைத் திருகால் மெல்ல உள்ளே தள்ளினார். சாய்வான பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, களத்தில் வரைந்த குறுக்குவெட்டுப் படம் அப்படியே பெட்டிக்குள் தெரிந்தது. இன்றும் ஆய்வகங்களில் மணல் பெட்டிச் சோதனை செய்கிறார்கள். கருவிகள்தான் மாறியிருக்கின்றன.

சரி, இனி அளவுக்கு வருவோம். வெள்ளை குவார்ட்சைட்டின் மேல் பகுதிக்குக் குழாய்ப் பாறை என்று பெயர். கேம்பிரியக் காலக் கடலோர மணலில் புழு போன்ற உயிர்கள் நேர் கீழாகத் துளைத்து வாழ்ந்தன. அந்தத் துளைகள் மணலால் நிரம்பிக் கல்லாகி, அடுக்குக்குச் செங்குத்தான குழாய்களாக நிற்கின்றன. ஸ்கோலிதோஸ் என்பது அந்தத் தடத்தின் பெயர். முதலில் அது நேராக நின்றது, அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டம். நான் மேலே சொன்ன ஆதி வடிவம் இங்கே இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

த்ரஸ்டுக்கு மேற்கே தள்ளியிருக்கும் பாறையில் குழாய்கள் இன்னும் அடுக்குக்குச் செங்குத்தாகவே இருக்கின்றன. த்ரஸ்டை நெருங்கும் இடங்களில் அவை சாய்ந்துகிடக்கின்றன. செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்திருந்தால், 1 மீட்டர் தடிமனுள்ள அடுக்கின் மேற்பரப்பு அடிப்பரப்பைவிட 1 மீட்டர் முன்னால் போயிருக்கிறது என்று பொருள். 60 டிகிரி என்றால் சுமார் 1.7 மீட்டர். பள்ளிக்கூட டான் அட்டவணை போதும். சாய்ந்த திசையே மேல் பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் சொல்லிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. அடுக்குக்கு இணையாக மட்டும் நழுவல் நடந்திருந்தால், குழாய் சாயும், ஆனால் அடுக்குப் பரப்பில் தெரியும் அதன் வாய் வட்டமாகவே இருக்கும், ஏனென்றால் அந்தப் பரப்பு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. வாய் நீள்வட்டமாக மாறியிருந்தால், நழுவலோடு சேர்ந்து வேறொன்றும் நடந்திருக்கிறது: அடுக்கு ஒரு பக்கம் இழுபட்டிருக்கலாம், அல்லது பக்கவாட்டில் நசுங்கியிருக்கலாம். ஆக, ஒரே குழாயின் சாய்வையும் வாயையும் அளந்தால் இரண்டு வேறு நிகழ்வுகளைப் பிரித்துப் படிக்க முடிகிறது. புழுத்துளை இல்லாத இடத்தில் வேறு அடையாளங்களைத் தேடுவார்கள். எர்ன்ஸ்ட் குளூஸ் 1947இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், சுண்ணாம்புப் பாறையில் இருந்த உருண்டையான ஊயிட் மணிகள் எப்படி முட்டை வடிவமாயின என்று அளந்து, ஒரு முழு மடிப்பின் திரிபையே கணக்கிட்டுக் காட்டினார்.

துண்டுகளின் நீளத்தை வைத்தும் கணக்குப் பார்க்கலாம். வெட்டுப்பட்டு ஏறிய எல்லாத் துண்டுகளையும் தாளில் பின்னுக்கு இழுத்து, பழையபடி ஒரே அடுக்காக நீட்டிப் பார்ப்பது. இடைவெளியோ மீதியோ வந்தால் நம் குறுக்குவெட்டு தவறு. கனடாவின் ராக்கி மலையடிவாரத்தில் எண்ணெய் தேடியவர்கள் இதை ஒரு ஒழுங்கான முறையாக்கினார்கள். டால்ஸ்ட்ராம் 1969இல் அதன் விதிகளை எழுதினார். 1980இல் எலியட், ஜான்சன் இருவரும் அதே முறையை மொய்ன் த்ரஸ்ட் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு குறுக்குவெட்டுப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இப்படிப் பின்னோக்கி நீட்டிப் பார்க்காதவரை நான் அதை நம்புவதில்லை.

இப்போது கேள்வியின் மையத்துக்கு, அதாவது உடையாமல் மடிவதற்கு வருவோம். மொய்ன் த்ரஸ்டின் அடியில் மெல்லிய கோடுகள் ஓடும், மிக நுண்ணிய மணிகளுடைய ஒரு பாறை இருக்கிறது. 1885இல் லாப்வொர்த் அதற்கு மைலொனைட் என்று பெயரிட்டார். பாறை திருகையில் அரைபட்டது போல நொறுங்கி மாவானதாக அவர் கருதினார். பிற்கால நுண்ணோக்கி ஆய்வுகள் வேறு கதை சொல்லின. அங்கே குவார்ட்ஸ் என்ற கனிமத்தில் பெரும்பகுதி நொறுங்கவே இல்லை. படிகங்கள் திட நிலையிலேயே இழுபட்டு நாடாவாகி, பிறகு புதிய சிறு படிகங்களாக மறுபடியும் உருவாகியிருக்கின்றன.

இது எப்படி முடியும்? எந்தப் படிகத்திலும் அணுக்களின் வரிசையில் அங்கங்கே பிசகு இருக்கும். பெரிய ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம், ஆனால் ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி அந்தச் சுருக்கத்தை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனால் ஜமுக்காளமே கொஞ்சம் நகர்ந்திருக்கும். படிகத்துக்குள் அந்தப் பிசகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும்போது ஒரு அணுத்தொலைவு நழுவல் நடந்துவிடுகிறது. எல்லாப் பிணைப்புகளும் ஒரே நேரத்தில் அறுபட வேண்டியதில்லை, அதனால் விரிசலும் வருவதில்லை. கோடிக்கணக்கான பிசகுகள் நகர்ந்தால் படிகம் வடிவம் மாறும். பிசகுகள் சுலபமாக நகர வெப்பம் வேண்டும். குவார்ட்ஸ் சுமார் 300 டிகிரி செல்சியஸில் இப்படி வழியத் தொடங்குகிறது. ஃபெல்ஸ்பார் என்ற மற்றொரு கனிமத்துக்கு 450 முதல் 500 டிகிரி வேண்டும்.

கண்டங்களில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்ற கணக்கில் வெப்பம் ஏறுகிறது. அப்படியானால் 10 முதல் 15 கிலோமீட்டர் ஆழத்தில் குவார்ட்ஸ் வழிய ஆரம்பித்துவிடும். இரண்டு வெப்பநிலைகளுக்கும் நடுவில் உருவான மைலொனைட்டை வெட்டிப் பார்த்தால், குவார்ட்ஸ் நாடாவாக ஓடியிருக்கும், அதே அங்குலத்துக்குள் ஃபெல்ஸ்பார் விரிசல் விட்டு உடைந்திருக்கும். உடைதலும் வழிதலும் அக்கம்பக்கத்தில், ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. அதனால்தான் "இந்தப் பாறை வளையும், அந்தப் பாறை உடையும்" என்று பட்டியல் போடுவது சரிவராது.

அழுத்தத்தின் பங்கை ஆய்வகத்தில் தெளிவாகக் காட்டியவர் தியோடோர் வான் கார்மான். விமானவியலில் பிற்பாடு பெயர் பெற்ற அதே கார்மான்தான். 1911இல் அவர் வெளியிட்ட சோதனைகளில் இத்தாலியின் கர்ராரா பளிங்குக்கல்லின் உருளைகளைச் சுற்றிலும் திரவ அழுத்தம் கொடுத்துக்கொண்டே மேலிருந்து நசுக்கினார். சுற்றழுத்தம் இல்லாதபோது பளிங்கு வெடித்து உடைந்தது. அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, அதே பளிங்கு உடையாமல் பீப்பாய் போல நடுவில் புடைத்தது. காரணம் புரியக்கூடியதுதான்: விரிசல் விட வேண்டுமானால் பாறை கொஞ்சம் விரிய வேண்டும், சுற்றழுத்தம் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 270 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

தண்ணீரின் பங்கு இன்னும் வியப்பானது. 1965இல் டேவிட் கிரிக்ஸ், பிளாசிக் இருவரும், மிக உலர்ந்த குவார்ட்ஸ் அதிக வெப்பத்திலும் பிடிவாதமாக நிற்பதையும், மிகச் சிறு அளவு தண்ணீர் படிகத்துக்குள் இருந்தால் அது வெகுவாகத் தளர்ந்துவிடுவதையும் காட்டினார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது காலம். ஆய்வகத்தில் ஒரு நொடிக்கு 10 லட்சத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் பாறையை நசுக்கினால் 30 சதவீதம் சுருக்க மூன்றரை நாள் ஆகும். மலைகள் உருவாகும் இடங்களில் சாதாரணமாகப் பேசப்படும் வேகம் நொடிக்கு 100 லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த வேகத்தில் அதே 30 சதவீதத்துக்குச் சுமார் 10 லட்சம் ஆண்டுகள் வேண்டும். எந்த ஆய்வகமும் இதைச் செய்ய முடியாது. ஆகவே வெப்பத்தை 800, 900 டிகிரிக்கு ஏற்றி, குவார்ட்ஸை வேகமாக வழியவைத்து, வெப்பம், தகைவு, வேகம் மூன்றுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கி, அதை இயற்கையின் வேகத்துக்கு நீட்டிக் கணக்கிடுகிறார்கள். 10 கோடி மடங்கு நீட்டல் இது. அதனால் ஆய்வக எண்ணை மட்டும் நம்பாமல், மைலொனைட்டின் மணி அளவு போன்ற இயற்கைச் சான்றுகளோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கிறார்கள். புதிதாக உருவான குவார்ட்ஸ் மணிகள் எவ்வளவு சிறியவையோ, அன்றைய தகைவு அவ்வளவு அதிகம். மறைந்துபோன விசையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரடியான தடயங்களில் இது ஒன்று.

மேல் பகுதியின் குளிர்ந்த பாறை பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே உடைதலும் உராய்வும்தான் ஆட்சி செய்கின்றன. 1978இல் ஜேம்ஸ் பயர்லி பல வகைப் பாறைகளின் உராய்வு அளவுகளைத் தொகுத்தபோது, சில களிமண் கனிமங்களைத் தவிர மற்றவை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விதிக்குக் கட்டுப்படுவது தெரிந்தது. ஆழம் கூடக் கூட உராய்வு கூடும், பாறை வலுவாகும். கீழே வெப்பம் கூடக் கூட வழிதல் எளிதாகும், பாறை தளரும். இரண்டும் சந்திக்கும் ஆழத்தில்தான் மேலோடு மிக வலுவாக இருக்கிறது. கண்டங்களின் உட்பகுதி நிலநடுக்கங்களில் பெரும்பாலானவை மேல் 15 கிலோமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். அதற்குக் கீழே இருக்கும் பாறை சக்தியைச் சேர்த்து வைத்து வெடிக்காமல் சத்தமில்லாமல் வழிந்துவிடுகிறது.

உராய்வு இவ்வளவு என்றால், பல பத்து கிலோமீட்டர் நீளப் பாறைப் பலகையை நொறுங்காமல் எப்படித் தள்ள முடிந்தது? பின்னாலிருந்து தள்ளினால் முன்பகுதி அசைவதற்குள் பின்பகுதி நசுங்கிப் போக வேண்டுமே. ஹப்பர்ட், ரூபி இருவரும் 1959இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள்: பாறைத் துளைகளில் அடைபட்ட நீரின் அழுத்தம் மேல் பலகையின் எடையில் பெரும்பங்கைத் தாங்கிக்கொண்டால் உராய்வு வெகுவாகக் குறைந்துவிடும். இதோடு, பலகை முழுவதும் ஒரே நேரத்தில் நழுவ வேண்டியதில்லை, பகுதி பகுதியாக நழுவினால் போதும் என்பதும் இப்போது தெரியும்.

அப்படிப் பகுதி பகுதியாக நழுவுவதை இன்று நேரில் அளக்க முடிகிறது. இமயமலைக்கு அடியில் மொய்ன் த்ரஸ்டின் இன்றைய உறவினர் ஒன்று உயிரோடு இருக்கிறது. இந்தியத் தட்டு அதன் கீழே நுழைகிறது, ஜிபிஎஸ் அளவீடுகளின்படி மலைத்தொடர் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் சுருங்குகிறது. ஆழத்தில் சூடான பகுதி தொடர்ந்து வழிகிறது, மேலே குளிர்ந்த பகுதி பூட்டிக்கொண்டு நிற்கிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவு நிலநடுக்கத்தில் அந்தப் பூட்டின் ஒரு பகுதி விட்டது. காத்மாண்டு பகுதி சுமார் 1 மீட்டர் மேலே எழுந்தது.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், அதுவும் ஆழப் பகுதியையே பார்க்க முடியும். பல்லாவரத்துச் சார்னோகைட் என்ற பாறையும் அதன் உறவுப் பாறைகளும் 20 கிலோமீட்டருக்கும் கீழே உருவானவை, மேலிருந்த பாறை அரித்துப்போனதால் இன்று வெளியே நிற்கின்றன. மோயாறு, பவானி, காவிரி ஓடும் பகுதிகளில் பல ஷியர் மண்டலங்கள் இருக்கின்றன. ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தை உரசிக்கொண்டு நகர்ந்தபோது நடுவில் இழுபட்டு வழிந்த பட்டைகள் இவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், மறுபடி கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் இங்கே பெரிய உருமாற்றங்கள் நடந்தன. சேலம், நாமக்கல், கரூர் பக்கக் கல்குவாரிகளின் வெட்டு முகங்களில் கறுப்பும் வெளுப்புமாக மடிந்த நைஸ் தாராளமாகக் கிடைக்கும்.

அங்கே போனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒரே மடிப்பு மறுபடி மடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குறைந்தது இரண்டு கட்டம் நடந்திருக்கிறது. வெளுத்த பட்டை அங்கங்கே மெலிந்து, துண்டுபட்டு, மணி கோத்தது போல நிற்கிறதா என்று பாருங்கள், அது அந்தத் திசையில் பாறை நீண்டதன் அடையாளம். பெரிய ஃபெல்ஸ்பார் மணிகளின் இரு பக்கமும் வால் போல நுண்மணிகள் நீண்டிருந்தால், ஒரு வால் மேலேறியும் மறு வால் கீழிறங்கியும் இருக்கிறதா என்று பார்த்தால் நழுவிய பக்கம் தெரியும். காந்த ஊசியும் சாய்வுமானியும் உள்ள திசைகாட்டியால் ஒவ்வொரு பரப்பின் திசையையும் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள், திசை குறிக்காத புகைப்படத்தால் பிறகு பயன் குறைவு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நைஸில் தெரியும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் கடலில் படிந்த பழைய அடுக்குகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவை உருமாற்றத்தின்போதே உண்டானவை. குழாய்ப் பாறையின் புழுத்துளை போன்ற அளவுகோல் இங்கே கிடைக்காது. அதனால்தான் நம் பாறைகளில் மொத்தம் எவ்வளவு நழுவல் நடந்தது என்பதைவிட, எந்தத் திசையில், எந்த வெப்பத்தில், எந்த வரிசையில் நடந்தது என்பதையே ஆய்வாளர்கள் அதிக உறுதியோடு சொல்கிறார்கள்.